வேறு கம்பெனி பிளாஷ், நம்ம கேமரா: சேர்த்து வேலை வாங்குவது எப்படி?



நம் கூட்டமைப்பில் தையல், ஊறுகாய், கறவை மாடு என்று தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். போட்டோ எடுக்கிற தொழிலில் இருக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் மாதக் கூட்டத்தில் அந்த நாலைந்து பேரும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, கேமரா ஒரு கம்பெனி, பிளாஷ் வேற கம்பெனி. சேருமா, சேராதா?"

சேரும். ஆனால் எது சேரும், எது சேராது என்று தெரியாமல் நானும் என் மதினியும் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழுக் கடனில் நாங்கள் ஒரு நிக்கான் கேமரா வாங்கினோம். கேமராவிலேயே சின்ன பிளாஷ் இருந்தது. அதில் எடுத்தால் முகம் மாவு பூசினது போல் வெளுத்து, பின்னால் சுவரில் கரிய நிழல் விழும். பெரிய பிளாஷ் வேண்டும் என்று டவுனில் ஒரு கடையில் 4,500 ரூபாய்க்குப் பழைய பிளாஷ் ஒன்று வாங்கினோம். அது கேனான் கேமராவுக்கு உள்ளது. "மாட்டுனா எரியும்மா, போங்க" என்றார் கடைக்காரர். மாட்டிப் பார்த்தோம், எரிந்தது. சந்தோஷமாக வந்துவிட்டோம்.

மறு வாரம் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. 2,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். முதல் பத்துப் படம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்தது. என்ன என்று பார்ப்பதற்குள் தாய்மாமன் சீர் வரிசை உள்ளே வருகிறது. மதினி அவசரமாகக் கேமராவைத் தூக்கினால் இப்போது பிளாஷ் எரியவே இல்லை. படம் இருட்டு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி செத்துப்போகிறது. தாய்மாமன் மாலை போடுகிற அந்த ஒரு நிமிடம் திரும்ப வருமா? அந்தப் படம் எங்களிடம் இல்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த மாதத் தவணையை மதினி தன் கோழி விற்ற காசில் கட்டினாள்.

பிளாஷ் கெட்டுப்போனது என்று நினைத்து விற்கப் போனோம். பக்கத்து ஊரில் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, பிளாஷ் நல்லாத்தான இருக்கு. நீங்க அதுகிட்ட தெரியாத பாஷையில பேசியிருக்கீங்க. பேசாம மணியை மட்டும் அடிங்க, அது வேலை செய்யும்" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததும், பிறகு நாங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பாடம்.

கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டுகிற இடத்துக்கு ஹாட் ஷூ என்று பெயர். உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிதாக ஒரு உலோகப் புள்ளி இருக்கும். அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். நடுப்புள்ளிதான் அண்ணாச்சி சொன்ன மணி. வீட்டு வாசலில் காலிங் பெல் இருக்கிறதே, அது மாதிரி. எந்த ஊர்க்காரர் அழுத்தினாலும் மணி அடிக்கும். ஷட்டர் முழுதாகத் திறந்ததும் கேமரா இந்த நடுப்புள்ளியையும் ஓரத்து உலோகத் தகட்டையும் இணைக்கும். உடனே பிளாஷ் எரியும். கேனான், நிக்கான், பென்டாக்ஸ், பியூஜி, ஒலிம்பஸ், பானாசோனிக் என்று பெரும்பாலான கேமராக்களில் இது ஒரே மாதிரிதான்.

சின்னப் புள்ளிகள் அப்படி இல்லை. அவை மணி அடித்த பிறகு பேசுகிற பேச்சு. கேனானில் நடுப்புள்ளி போக நான்கு, நிக்கானில் மூன்று. இருக்கிற இடமும் வேறு, பேசுகிற பாஷையும் வேறு. "இவ்வளவு வெளிச்சம் போதும், நிறுத்து" என்று கேமரா பிளாஷுக்குச் சொல்வதைத்தான் டிடிஎல் என்கிறார்கள். கேனான் அதை இ-டிடிஎல் என்றும், நிக்கான் ஐ-டிடிஎல் என்றும் வைத்திருக்கின்றன. ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாது.

எங்கள் விழாவில் நடந்தது இப்போது விளங்குகிறதா? பிளாஷ் டிடிஎல்லில் இருந்தது. போதும் என்று சொல்ல ஆளில்லை. அதனால் இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் கொட்டியது, படம் வெளுத்தது. அப்புறம் சும்மா இருந்ததால் செல்லை மிச்சப்படுத்தத் தூங்கிவிட்டது. அந்தக் கம்பெனி கேமராவாக இருந்தால் பட்டனைப் பாதி அழுத்தும்போதே எழுப்பிவிடும். நம் கேமராவுக்கு எழுப்பத் தெரியாது. பிளாஷ் மெனுவில் தானாக அணைவதை நிறுத்த வழி உண்டு. அதை நிறுத்தி, டிடிஎல்லை விட்டு எம் என்கிற மேனுவலுக்கு மாற்றியதும் அதே பிளாஷ் அதே கேமராவில் ஒழுங்காக எரிந்தது. 4,500 ரூபாய் வீணாகவில்லை. அட்வான்ஸ் போனது போனதுதான்.

வாங்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. கடன் பணம் இல்லையா, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்லாக் கேமராவிலும் அந்த நடுப்புள்ளி உண்டு என்று நினைக்காதீர்கள். கேனானின் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அது கிடையாது. நம் பக்கம் நிறையப் பேர் கையில் இருப்பது இந்தக் கேமராக்கள்தான். இவற்றில் மணியே இல்லை, பேச்சு மட்டும்தான். கேனான் பாஷை பேசத் தெரிந்த பிளாஷ், அல்லது அந்தப் பாஷை தெரிந்த டிரிக்கர் மாட்டினால்தான் எரியும். விலை மலிவாகக் கிடைக்கிற சாதா மேனுவல் பிளாஷும் சாதா டிரிக்கரும் மேலே மாட்டினால் அசையாது. இவற்றுக்கு முந்தைய 1300டி, முதலில் வந்த 200டி இரண்டிலும் நடுப்புள்ளி உண்டு. பெயரை வைத்து முடிவு செய்யாமல், கேமராவைக் கையில் எடுத்து நடுவில் புள்ளி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சோனியின் பழைய கேமராக்களில் ஷூவின் வடிவமே வேறு. மினோல்டா கம்பெனி 1988இல் கொண்டுவந்த அமைப்பு அது. சாதா பிளாஷ் உள்ளேயே நுழையாது, நடுவில் அடாப்டர் வேண்டும். 2012 முதல் சோனி புது ஷூவுக்கு மாறியது. அதில் சாதா பிளாஷும் நுழையும், நடுப்புள்ளியில் எரியும்.

மூன்றாவது, ரொம்பப் பழைய பிளாஷ். பிலிம் காலத்தில் வந்த சில பிளாஷ்களின் நடுமுள்ளில் 200 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கும். அந்தக் காலத்துக் கேமரா வெறும் இரும்பு ஸ்விட்ச், தாங்கிக்கொண்டது. இப்போதையது எலெக்ட்ரானிக். தன் கேமரா 250 வோல்ட் வரை தாங்கும் என்று நிக்கான் கையேட்டிலேயே போட்டிருக்கும். எல்லாக் கேமராவும் அப்படி இல்லை. சிலவற்றுக்கு 6 வோல்ட்டே எல்லை. "அப்பா வச்சிருந்த பிளாஷ், சும்மாதான கிடக்கு" என்று மாட்டிவிடாதீர்கள்.

சோதிப்பது சுலபம். எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கிற மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் 500க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஷில் செல் போட்டு ஆன் செய்து, ரெடி விளக்கு எரியும்வரை பொறுங்கள். சிவப்பு முனையை நடுமுள்ளிலும் கறுப்பு முனையை ஓரத் தகட்டிலும் வையுங்கள். 6 வோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. நூறு, இருநூறு என்று காட்டினால் கேமராவிலும் மாட்ட வேண்டாம், டிரிக்கரிலும் மாட்ட வேண்டாம். முக்கியமாக ஒன்று. எந்தப் பிளாஷையும் திருப்புளி வைத்துத் திறக்காதீர்கள். செல்லைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் 300 வோல்ட் போல நிற்கும். அது ஆளையே தூக்கி அடிக்கும்.

சரி, பிளாஷ் நல்லது, கேமராவில் மணியும் இருக்கிறது. இனி அதைக் கேமரா தலையிலிருந்து இறக்குவோம். தலையில் வைத்தால் வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்கும், முகம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே ஸ்டாண்டில் வைத்தால் மூக்கு, கன்னம், நகை எல்லாம் எடுப்பாகத் தெரியும். ஸ்டூடியோ படம் என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். அதோடு வேறு கம்பெனி பிளாஷுக்கு இது இன்னொரு விதத்திலும் நல்லது. நம் கேமராவும் அந்தப் பிளாஷும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. முள் மாறிப் புள்ளியில் இடிக்கும் என்ற கவலை விட்டது.

நாங்கள் பயன்படுத்துவது ரேடியோ டிரிக்கர். கேமராவில் ஒரு டிரான்ஸ்மிட்டர், பிளாஷின் அடியில் ஒரு ரிசீவர். இரண்டிலும் ஒரே சேனல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சாதா டிரிக்கர் மணியை மட்டும் கடத்தும். பிளாஷ் எந்தக் கம்பெனி என்று அதற்குக் கவலை இல்லை. யாங்னுவோ 560 மாதிரி பிளாஷ்களுக்குப் பேச்சே கிடையாது, ஒரே ஒரு நடுமுள்தான். அதனால் எந்தக் கேமராவுக்கும் பொதுவாகப் போகும். அதில் மூன்றாம், நான்காம் மாடல்களில் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. கோடாக்ஸ் கம்பெனியின் எக்ஸ் வரிசை இன்னும் ஒரு படி மேல். கேமராவில் மாட்டுகிற டிரான்ஸ்மிட்டர் மட்டும் நம் கேமரா கம்பெனிக்கு உள்ளதாக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் இருக்கிற பிளாஷ் நிக்கானுக்கு உள்ளதோ கேனானுக்கு உள்ளதோ, எதுவாக இருந்தாலும் டிடிஎல்கூடப் பேசும். நடுவில் ரேடியோ மொழிபெயர்த்துவிடுகிறது. பிற்பாடு கேமரா கம்பெனி மாறினாலும் டிரான்ஸ்மிட்டரை மட்டும் மாற்றினால் போதும். புதிதாக வாங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

டிரிக்கர் வாங்கக் காசு இல்லையா? பிளாஷில் ஸ்லேவ் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்1, எஸ்2 என்று போட்டிருக்கும். இன்னொரு பிளாஷ் எரிவதைப் பார்த்துத் தானும் எரிவதுதான் ஸ்லேவ். கேமராவின் சின்னப் பிளாஷைத் திறந்து வைத்து எடுத்தால், ஸ்டாண்டில் இருக்கிற பெரியது கூடவே எரியும். நடுப்புள்ளி இல்லாத அந்தக் கேனான் கேமராக்களுக்கும் இது கைகொடுக்கும், அவற்றில் சின்னப் பிளாஷ் இருக்கிறதே. ஆனால் எஸ்2இல் வைக்க வேண்டும். ஏனென்றால் கேமராவின் பிளாஷ் அளவு பார்க்க முதலில் ஒருமுறை லேசாக மின்னும், பிறகுதான் படத்துக்காக மின்னும். எஸ்1இல் வைத்தால் முதல் மின்னலுக்கே பெரியது எரிந்துவிடும். கண்ணுக்கு எரிந்த மாதிரி இருக்கும், படத்தில் வெளிச்சம் இருக்காது. எஸ்2 முதல் மின்னலை விட்டுவிட்டு இரண்டாவதுக்கு எரியும். கண் சிவப்பைக் குறைக்கிற வசதி கேமராவில் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள், கணக்கு குழம்பும்.

ஸ்லேவுக்கு ஒரு குறை உண்டு. வெயிலில் சரியாகத் தெரியாது. மண்டபத்திலோ அடுத்த போட்டோகிராபர் எடுக்கும்போதெல்லாம் நம் பிளாஷும் சேர்ந்து எரியும். ஒரு வளைகாப்பில் எங்கள் செல் எல்லாம் மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபருக்கே உழைத்துத் தீர்ந்தது. மதினி அவரிடம் "அண்ணே, எங்க செல்லுக்கு நீங்கதான் காசு தரணும்" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் டிரிக்கர் வாங்கினோம்.

இனி கையால் செய்ய வேண்டியவை. பேச்சு இல்லாததால் கேமரா பார்க்க வேண்டிய வேலையை நாம் பார்க்கிறோம்.

கேமராவை எம்மில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/160. அதற்கு மேல் போனால் ஜாக்கிரதை. ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. நாடகக் கொட்டகைத் திரை மாதிரி ஒன்று திறக்கும், ஒன்று மூடும். வேகம் கூடினால் முதல் திரை முழுதாகத் திறப்பதற்குள் இரண்டாவது மூட வந்துவிடும். பிளாஷ் எரிகிற கணத்தில் பாதிப் படம் மறைந்திருக்கும். படத்தின் ஒரு ஓரம் கறுப்புப் பட்டையாக வரும். சொந்தக் கம்பெனி பிளாஷ் மாட்டினால் கேமராவே 1/200 அல்லது 1/250க்கு மேல் போகவிடாமல் தடுக்கும். நம்முடையது வேறு கம்பெனி, மேலே பிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது, அதனால் தடுக்காது. டிரிக்கர் வைத்தால் ரேடியோ போய்ச்சேரவும் துளி நேரம் ஆகும். அதனால்தான் 1/200 என்று விளிம்பில் நிற்காமல் 1/160 சொல்கிறேன். சைலன்ட் ஷட்டரில் பெரும்பாலான கேமராக்கள் பிளாஷை எரிப்பதில்லை, அதையும் அணைத்துவிடுங்கள்.

வெளிச்சத்தின் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது பெரிய விஷயமில்லை. பிளாஷ் அட்டையில் கைடு நம்பர் என்று போட்டிருக்கும். அதைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் கிடைக்கும். கைடு நம்பர் 40 என்றால், ஐஎஸ்ஓ 100இல், முழு வெளிச்சத்தில், ஆள் 5 மீட்டரில் நின்றால் 40ஐ 5ஆல் வகுத்து 8. அப்பர்ச்சர் 8 வைக்க வேண்டும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் நம்பர் இரட்டிப்பாகி 80 ஆகும். பிளாஷை 1/4 வெளிச்சத்துக்குக் குறைத்தால் நம்பர் பாதியாகும், திரும்ப 40. ஆக ஐஎஸ்ஓ 400, பிளாஷ் 1/4, தூரம் 5 மீட்டர், அப்பர்ச்சர் 8. முழு வெளிச்சத்தில் செல் சீக்கிரம் தீரும், அடுத்த படத்துக்குக் காத்திருக்கவும் வேண்டும். அதனால் 1/4 எங்களுக்குப் பிடித்த அளவு. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிற நம்பர் பெரும்பாலும் பிளாஷ் தலையை முழு ஜூமில் வைத்தால் கிடைப்பது. உள்ளே கையேட்டில் ஒவ்வொரு ஜூமுக்கும் தனி நம்பர் இருக்கும், அதைப் பாருங்கள்.

வெள்ளைக் குடை வழியாக வெளிச்சத்தை விட்டால் நிழல் மெத்தென்று விழும். ஆனால் குடை வெளிச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தின்னும். மேலே சொன்ன கணக்கில் 8க்குப் பதில் 4 வைக்க வேண்டி வரும், அல்லது ஸ்டாண்டைக் கிட்டே நகர்த்த வேண்டும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. 4 மீட்டரில் இருந்ததை 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் குடை தின்றது திரும்பக் கிடைத்துவிடும்.

இந்தத் தூரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஒருவர் ஸ்டாண்டைக் காலால் தட்டி அரை மீட்டர் நகர்த்தினாலும் படம் மாறிவிடும். டிடிஎல் இருந்தால் அதுவே சரிக்கட்டும், நமக்கு இல்லை. நாங்கள் செய்வது இது: ஸ்டாண்டில் ஒரு நூல் கயிறு கட்டி, 2 மீட்டரில் ஒரு முடிச்சு, 3 மீட்டரில் இரண்டு முடிச்சு. மனையில் உட்காரும் பெண்ணுக்கு ஒரு முடிச்சு, குடும்பமாக நிற்கிறவர்களுக்கு இரண்டு முடிச்சு. இரண்டுக்கும் என்ன அப்பர்ச்சர் என்று கேமரா பெல்ட்டில் பேப்பர் ஒட்டியிருக்கிறோம். கூட்டத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

பயிற்சி வீட்டிலேயே செய்யலாம். சாயங்காலம் மாமியாரைத் திண்ணையில் உட்கார வைத்து 1/16, 1/8, 1/4 என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். என் மாமியார் முதலில் "கண்ணு கூசுதுடி" என்று திட்டினார்கள். இப்போது அவர்கள் படம்தான் எங்கள் ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருக்கிறது. ஸ்கிரீனில் படத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம், ஹிஸ்டோகிராமையும் பாருங்கள். வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலை ஜரிகையும் வெளுத்துப்போகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். வெள்ளை நிறச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் பிளாஷ் படம் போட்ட இடத்தில் வையுங்கள். பிளாஷ் எரியப் போவது கேமராவுக்குத் தெரியாதே, அது டியூப் லைட்டைப் பார்த்து நிறத்தை முடிவு செய்துவிடும்.

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்மில் வைத்ததும் ஸ்கிரீன் இருட்டாகிவிடும். கெட்டுப்போகவில்லை. பிளாஷ் இல்லாமல் படம் எப்படி வருமோ அதைக் காட்டுகிறது. மெனுவில் எக்ஸ்போஷர் பிரிவ்யூ என்பதை அணைத்தால் ஆள் தெரிவார்.

செல் விஷயம். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் செல்லே நல்லது, சீக்கிரம் பிளாஷைத் தயாராக்கும். நான்கு செல்லையும் ஒரே ஜோடியாக வைத்திருங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். டிரிக்கருக்கும் செல் உண்டு என்பதை மறந்துவிட்டுப் போய் நின்ற நாளும் எங்களுக்கு உண்டு.

செகண்ட் ஹேண்டில் பிளாஷ் வாங்கப் போகிறவர்கள் உங்கள் கேமராவையும் நாலு செல்லையும் கையோடு கொண்டு போங்கள். மேனுவலில் வைத்து இருபது படம் தொடர்ந்து எடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு இருபத்தொன்றாவது படம் எடுங்கள். எங்கள் கடைக்காரர் முன்னால் நாங்கள் எடுத்தது ஒரே ஒரு படம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் மல்டிமீட்டர் கொண்டு வருகிறேன். வீட்டில் பழைய பிளாஷ் கிடந்தால் செல்லைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள். தீர்மான நோட்டு எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடலாம்.